கடல் லீவு எடுத்த கோடை

வெள்ளாந்துறையில் கடல் முதல்முதலாக லீவு எடுத்தது ஒரு மார்ச் மாதத்துச் சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு, கோயில் மணி அடித்து ஓய்ந்த கையோடு. சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆறு நாள் வேலை பார்த்த ஆள் கைகால் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடப்பதுபோல, கடல் ஒவ்வொரு அலையாகப் பின்வாங்கி, கரையை விட்டு, பாறைத் திட்டை விட்டு, வள்ளங்கள் வலை போடுகிற இடத்தையும் விட்டு, கப்பல் போகிற தடத்தையும் தாண்டி, கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. மீன்களையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஞாயிறு முழுக்க அந்த இடம் சேறும் மணலும் பாசியுமாக வெயிலில் காய்ந்தது. திங்கட்கிழமை விடிகிற நேரம், கோயில் மணி அடிக்கையில், கடல் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி விட்ட இடத்திலிருந்து அலையடிக்கத் தொடங்கியது. எங்கே போனது, யார் வீட்டில் தங்கியது என்று அதுவும் சொல்லவில்லை, ஊரும் கேட்கவில்லை.

கேட்க மாட்டார்கள். அந்த ஊர் அப்படி. சனிக்கிழமை சாயங்கால மணி அடித்தால் திங்கட்கிழமை காலை மணி அடிக்கிற வரை யாரும் வள்ளத்தைக் கடலில் தள்ளக்கூடாது என்பது பாட்டன் பூட்டன் காலத்து ஊர்க்கட்டு. மீறினவன் கோயில் முற்றத்தில் எல்லார் பார்க்கவும் முட்டிபோட வேண்டும். ஆக, நமக்கு லீவு, கடலுக்கும் லீவு, இதில் என்ன அதிசயம் என்று முடித்துவிட்டார்கள். பங்குச்சாமியார் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் கடல்கூட ஓய்வுநாளை அனுசரிக்கிறது, நீங்கள்தான் பூசைக்கு நடுவில் எழுந்து பீடி குடிக்கப் போகிறீர்கள் என்றார். கோயில் கமிட்டித் தலைவர் தொம்மை, எதற்கும் இருக்கட்டும் என்று கமிட்டி நோட்டில் 'கடல் வாரவிடுமுறை, ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது' என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். கடலே போன பிறகு அதற்கு அனுமதி கொடுத்த ஒரே கமிட்டி உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

கருவாட்டுக்காரி கித்தேரியம்மாள் மட்டும் காறித் துப்பினாள். அவளுக்கு நாற்பத்தாறு வயசு, குரல் கரகரவென்று இருக்கும், வாய் திறந்தால் யாருக்கும் நல்ல வார்த்தை வராது என்று ஊரில் பேர். கடலுக்குமா சனி ஞாயிறு, இனி போனஸ் கேக்கும், பென்ஷன் கேக்கும், தொம்மைக்குப் பக்கத்துல கமிட்டியில ஒரு நாற்காலி கேக்கும் என்று நெத்திலியைப் புரட்டிப் போட்டபடியே சொன்னாள். சொன்னாளே தவிர, அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, பூசை முடிந்ததும் முடியாததுமாக, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கையில் ஒரு கம்புடன் கடல் இருந்த இடத்துக்குள் முதலில் இறங்கி நடந்தவளும் அவள்தான்.

அவளுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் சூசை, காற்று கொஞ்சம் கடுமையாக இருந்த ஒரு சாயங்காலம், தனியாக வள்ளத்தைக் கொண்டு போனவன், வரவில்லை. மூன்று நாள் தேடினார்கள். வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை, ஒரு செருப்புகூட ஒதுங்கவில்லை. உடம்பு கிடைக்காதவனுக்கு அடக்கம் இல்லை, அடக்கம் இல்லாதவனுக்குக் கல்லறை இல்லை. அதனால் கித்தேரி தாலியைக் கழற்றவும் முடியாமல், போட்டுக்கொண்டு நல்லது பொல்லாததில் நிற்கவும் முடியாமல், ஒன்பது வருஷம் நடுவில் நின்றாள். கல்யாண வீட்டில் பின்னால் நிற்கச் சொன்னார்கள், சாவு வீட்டில் நீ ஏன் அழுகிறாய், உனக்குத்தான் ஆள் திரும்பி வரலாமே என்றார்கள். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் ஊரே தன் தன் கல்லறைக்குப் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றும்போது, அவள் ஒரு மெழுகுதிரியைக் கடற்கரை மணலில் நட்டு வைப்பாள். காற்று அதை இரண்டு நிமிஷத்தில் அணைத்துவிடும். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு எலும்பு. அது கிடைத்தால் பெட்டியில் வைத்துப் புதைத்து, மேலே ஒரு சிலுவை நட்டு, அந்த மனுஷனை நிம்மதியாகச் சாகவிட்டு, தானும் கொஞ்சம் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அவள் ஒருபக்கம் கம்பால் சேற்றைக் குத்திக் குத்தி நடந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் ஜனம் வந்து சேர்ந்தது. முதலில் பக்கத்து டவுனிலிருந்து பைக்கில் நாலு பேர் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். அடுத்த வாரம் கார் வந்தது, அதற்கடுத்த வாரம் வேன் வந்தது, வேனுக்குப் பின்னால் வேன் வந்தது. கடலைப் பார்க்கத்தான் ஜனம் கடற்கரைக்கு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அதெல்லாம் பொய். கடல் இல்லாத கடற்கரைக்குத்தான் கூட்டம் அலைமோதிக்கொண்டு வந்தது, ஏனென்றால் காலில் தண்ணீர் படாது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டாம், காரை இறக்கி நேராகக் கடலுக்குள்ளேயே நிறுத்தலாம். அரைக்கால் சட்டையும் பூப்போட்ட தொப்பியுமாக இறங்கி, அந்தப் பரந்த சேற்றில் ஜமுக்காளம் விரித்து, தூக்குவாளியைத் திறந்து புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்று, தின்ற தட்டை அங்கேயே போட்டு, இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒன்றுமே இல்லையே என்று சலித்துக்கொண்டு, அடுத்த வாரம் மச்சினன் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

டவுனிலிருந்து ஜெயகரன் என்றொருவர் வந்து கரையில் ஒரு ரிசார்ட் போட்டார். ரிசார்ட் என்றால் பத்துக் கூடாரம், ஒரு தென்னை ஓலைப் பந்தல், பந்தலில் நாள் முழுக்க அலைச் சத்தம் போடுகிற ஒரு ஸ்பீக்கர். உண்மையான அலை ஆறு நாள் இலவசமாகச் சத்தம் போட்டபோது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷர், அது லீவில் போனதும் மெஷினில் போட்டுக் கேட்க வைத்தார். ஊர் வழக்கம்போல இதையும் விழுங்கிக்கொண்டது. வலை பின்னின பெண்கள் பாசிமணி கோத்து விற்றார்கள், வள்ளக்காரர்கள் சனிக்கிழமை சாயங்காலம் தொப்பியை மாட்டிக்கொண்டு வழிகாட்டிகளானார்கள், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது என்ற ஊர்க்கட்டு என்ன ஆயிற்று என்று கித்தேரி கேட்டபோது, தொம்மை ரொம்பப் பொறுமையாக, கடலில்தான் வேலை செய்யக்கூடாது, இப்போது அங்கே கடலே இல்லையே என்று விளக்கம் சொன்னார்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேர நடைக்கு அப்பால், பாறைத் திட்டின் மறுபுறம், கித்தேரி வள்ளத்தைக் கண்டாள். நீலமும் மஞ்சளும் அடித்த ஃபைபர் வள்ளம், பக்கவாட்டில் அவள் தம்பி கையால் எழுதின மாதா பெயர், பாசிக்கு அடியில் இன்னும் வாசிக்க முடிந்தது. அவள் கம்பைக் கீழே போட்டுவிட்டு முட்டிபோட்டாள், வாயில் செபம் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, இரண்டு கையாலும் சேற்றை வாரி வெளியே போட்டாள். உள்ளே எலும்பு இல்லை. அஞ்சு கருங்கல் இருந்தது.

அஞ்சும் கரையில் அலைத்தடுப்புக்குக் கொட்டி வைத்திருந்த கல். கடல் உருட்டிக்கொண்டு வந்து வள்ளத்துக்குள் வரிசையாக அடுக்கி வைக்காது. ஃபைபர் வள்ளம் தானாக மூழ்கவும் செய்யாது, கவிழ்ந்தாலும் மிதக்கும், அதற்குப் பாரம் வேண்டும். அவள் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தாள். எஞ்சினைக் காணோம். புயல் பிய்த்துக்கொண்டு போயிருந்தால் பலகை உடைந்திருக்கும். பலகை அப்படியே இருந்தது, எஞ்சினை இறுக்கிப் பூட்டிய சங்கிலியின் பூட்டு, சாவி போட்டுத் திறந்து, திறந்தபடியே தொங்கியது. அடியில் தண்ணீர் வெளியேற்றுகிற ஓட்டையின் அடைப்பானைக் கழற்றி, தொலைந்துவிடாமல் இருக்க அதன் கொக்கியிலேயே மாட்டி வைத்திருந்தான். எதை எடுத்தாலும் எடுத்த இடத்தில் வைக்கிற பழக்கம் சூசைக்கு உண்டு. அந்த ஒரு பழக்கத்துக்காகத்தான் அவன் போன பிறகும் அவள் அவனை மெச்சிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். துக்கம்கூட இல்லை, வெட்கம். ஒன்பது வருஷம் இந்தக் கல்லுக்கா பூசை வைத்தேன், இந்தக் கல்லுக்கா வெள்ளிக்கிழமை தோறும் ஒருசந்தி விரதம் இருந்தேன், ராத்திரி காற்றடித்தால் ஐயோ அந்த மனுஷனுக்குக் குளிருமே என்று போர்வையை ஒதுக்கிவிட்டுப் படுத்தேனே, அது இந்தக் கல்லுக்கா என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது. சண்டைக்காரன் என்றால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பிடிக்கவில்லை என்றால் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூடத் தைரியம் இல்லாமல் செத்தவன் மாதிரி நடித்துவிட்டு ஓடின ஆளுக்கு, எஞ்சினைத் தூக்க மட்டும் தோளில் வலு இருந்திருக்கிறது. கூட யாரோ ஒரு படகுக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போயிருப்பான். த்தூ என்று துப்பினாள்.

பிறகு அவள் செய்த காரியத்தை வெள்ளாந்துறையில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அஞ்சு கல்லில் சின்னதாக, மனுஷத் தலை அளவில் இருந்த ஒன்றை எடுத்து, முந்தானையைக் கிழித்துச் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜமுக்காளங்களுக்கும் புளியோதரைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் நடந்து கரையேறி, நேராகச் சாமியார் வீட்டுக்குப் போய், கிடைத்துவிட்டது சாமி, அடக்கத்துக்கு ஏற்பாடு பண்ணுங்க என்றாள். அவிழ்த்துக் காட்டு என்று அங்கே உட்கார்ந்திருந்த தொம்மை சொன்னதற்கு, உம்ம பெஞ்சாதி எலும்பை நாலு பேர் முன்னால அவிழ்த்துக் காட்டுவீரா என்று கேட்டாள்.

ஊர் ஆண்கள் பத்துப் பேர் போய் வள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கல்லைப் பார்த்தார்கள், திறந்த பூட்டைப் பார்த்தார்கள், எல்லாரும் கடலில் முப்பது வருஷம் கிடந்தவர்கள், பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். ஆனால் கரைக்கு வந்ததும் பத்துப் பேரும் ஒரே குரலில், பாவம், நல்ல காத்துல மாட்டிருக்கான் என்றார்கள். ஓடிப்போனவன் ஊருக்கு அவமானம், கடலில் செத்தவன் ஊருக்குப் பெருமை, இரண்டில் எது வசதி என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடக்கம் பேண்டு வாத்தியத்தோடு நடந்தது. சுமந்த நாலு பேரில் ஒருவன் என்னடா இந்தக் கனம் கனக்குது என்று முணுமுணுக்க, ஒன்பது வருஷம் உப்புத்தண்ணி குடித்த எலும்பு கனக்காமல் என்ன செய்யும் என்று இன்னொருவன் பதில் சொன்னான். பெட்டியை இறக்கும் முன், கித்தேரி தாலியைக் கழற்றிக் குழிக்குள் போட்டாள். மேலே சிமெண்டில் சிலுவை வைத்து, 'சூசை, கடலில் மரித்தார்' என்று எழுதச் சொன்னாள். அன்று ராத்திரி போர்வையை முழுசாக இழுத்துப் போர்த்திக்கொண்டு விடிகிற வரை தூங்கினாள்.

ஜெயகரன் சும்மா இருப்பாரா. சூசை வள்ளம் என்று ஒரு போர்டு எழுதி, கரையிலிருந்து அதுவரைக்கும் டிராக்டர் விட்டார். வாரா வாரம் ஜனம் அந்த வள்ளத்துக்குள் ஏறி உட்கார்ந்து, துடுப்புப் போடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, வாயைக் குவித்துப் போட்டோ எடுத்துக்கொண்டது. கித்தேரி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மே ஒன்றாம் தேதி அந்த வருஷம் திங்கட்கிழமை வந்தது. பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியாயிற்று, கத்திரி வெயில் நெருங்கிக்கொண்டிருந்தது, சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு. தமிழ்நாட்டில் வேறு இடமே இல்லாத மாதிரி வெள்ளாந்துறைக்கு வண்டி வந்தது. கூடாரம் பத்து நூறாயிற்று, கரையில் இடம் போதாமல் கடலுக்குள்ளேயே அடித்தார்கள். இவர்களெல்லாம் திங்கட்கிழமையும் தங்க வேண்டுமே, கடல் காலையில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஜெயகரன் கையைப் பிசைந்தபோது, தொம்மைதான் அந்த யோசனையைச் சொன்னார். மணி அடித்தால் கடல் போகிறது, மணி அடித்தால் கடல் வருகிறது. திங்கட்கிழமை மணி அடிக்காவிட்டால் எப்படி வரும்? மேலும் தொழிலாளர் தினம், கடலும் தொழிலாளிதானே, சட்டப்படி அதற்கும் லீவு உண்டு. கமிட்டி கூடி ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. சாமியார் கொஞ்சம் இழுத்தார், கோபுரத்துக்குப் புது வர்ணம் அடித்துத் தருவதாக ஜெயகரன் சொன்னதும் இழுப்பதை நிறுத்திக்கொண்டார். மணிக்கயிற்றை மேலே தூக்கிக் கட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது கித்தேரி தொம்மையை வழிமறித்தாள்.

"மணி அடிக்கதுனால கடல் வருதுன்னு யாரு ஒமக்குச் சொன்னா? அது வார நேரத்துக்கு நாம மணி அடிக்கோம். தப்பும் தவறுமா நெனச்சுக்கிட்டு இத்தன பேரை உள்ளே படுக்கப் போட்டுருக்கீரு."

"ஏகமனதா தீர்மானம் போட்டாச்சு, மைனி," என்றார் தொம்மை.

திங்கட்கிழமை வெளுப்பதற்கு வெகு முன்பே கித்தேரி தனியாகக் கடலுக்குள் இறங்கினாள். கூடாரம் கூடாரமாகத் தட்டி, எழுந்து போங்க, கடல் வாரப் போவுது என்றாள். தொப்பையைச் சொறிந்துகொண்டே எழுந்து வந்தவர்கள், காபி கொண்டு வந்திருக்கியா என்று கேட்டார்கள். சூரியன் கிளம்புகிற போட்டோவுக்காக வள்ளத்தைச் சுற்றி ஏற்கெனவே ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். டிராக்டர்க்காரன் கைகாட்ட, ஒரு பொம்பளை அவளை அடையாளம் கண்டு, இந்த வள்ளத்துக்காரரோட சம்சாரம் நீங்கதானுங்களா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்களா என்று தோளைப் பிடித்தாள். பூங்கொடி என்று பேர், கோயம்புத்தூர்ப் பக்கம் ஊர், ஏழு வயசில் ஒரு பெண் குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எங்கூட்டுக்காரரு மோட்டார் மெக்கானிக்குங்க, கடல்னாலே ஆகாதுங்க அவருக்கு, நாங்க ரெண்டு பேரும் அழுது அழிச்சாட்டியம் பண்ணித்தான் கூட்டிட்டு வந்தோமுங்க என்று, கேட்காததையெல்லாம் சொன்னாள். அந்த வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டு, விடியாத இருட்டிலேயே கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு நின்றார். கித்தேரிக்கு அந்தக் கூட்டத்தில் அதுவும் ஒரு கோமாளி, அவ்வளவுதான். போட்டோவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கரைக்கு ஓடு தாயீ என்றாள். பூங்கொடி சிரித்தாள்.

அப்போது காற்று மாறியது. ஈரமான, கனமான ஒரு உப்பு வாசம் தெற்கிலிருந்து வந்தது. கித்தேரி திரும்புவதற்குள், அந்தக் கூலிங்கிளாஸ்காரர் மூக்கை உயர்த்தி ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, பாறைத் திட்டில் பட்டுத் திரும்பி கரைவரைக்கும் கேட்கிற குரலில் கத்தினார்.

"நீவாடு திரும்பிட்டு! கரையப் பிடிங்கலே, கரையப் பிடிங்க!"

நீவாடு என்றால் கடலோட்டம். வெளியூர்க்காரன் வாயில் அந்தச் சொல் வராது. அந்தக் குரல் வெள்ளாந்துறையில் ஒருத்தனுக்குத்தான் உண்டு. நூறு வள்ளம் ஒன்றாகக் கிளம்பும்போது அவன் குரல் தனியாகக் கேட்கும். கித்தேரி அவன் இடது காதைப் பார்த்தாள். தூண்டில் முள் கிழித்து இரண்டாகப் பிளந்த காது மடல், அவள்தான் மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டுக் காய வைத்தாள். அவனும் அவளைப் பார்த்தான். பார்த்த கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

பேச நேரம் இல்லை. மணி அடிக்காததைப் பற்றியோ தொழிலாளர் தினத்தைப் பற்றியோ கடலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அது எப்போதும் வருகிற நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. கித்தேரி அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், இன்னொரு கையில் பூங்கொடியைப் பிடித்து இழுத்தாள், சூசை பின்னால் நின்று ஒவ்வொரு ஆளாகப் பிடித்து டிராக்டரில் ஏற்றி, ஏறாதவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளி, கெட்ட வார்த்தையில் திட்டி ஓடவிட்டான். கூடாரங்களிலிருந்து ஜனம் போர்வையோடும் லுங்கியோடும் அலறிக்கொண்டு ஓடியது. கடல் அவசரப்படவில்லை. முழங்கால், தொடை, இடுப்பு என்று நனைத்துக்கொண்டே வந்து, ஒரு உயிரைக்கூட எடுக்காமல் எல்லாரையும் கரையில் தள்ளிவிட்டு, கார்களையும் வேன்களையும் கூடாரங்களையும் அலைச் சத்தம் போடுகிற ஸ்பீக்கரையும் மட்டும் எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது.

கரையில் ஊரே கூடி நின்றது. எல்லாருக்கும் குரல் கேட்டிருந்தது. தொம்மை முதல் ஆளாக மணலில் முட்டிபோட்டு, சூசை குரல், சூசையேதான், கல்லறைக்குள்ளிருந்து கத்தி இத்தனை உயிரையும் காப்பாத்திட்டான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். மணிக்கயிற்றைக் கட்டினது யார் என்று ஒருவரும் கேட்காமல் இருக்க அதைவிட நல்ல வழி அவருக்கும் கிடைத்திருக்காது. ஊர் முட்டிபோட்டது, சாமியாரும் முட்டிபோட்டார். அவர்களுக்குப் பத்தடி தூரத்தில், தொப்பி இல்லாமல், கூலிங்கிளாஸ் இல்லாமல், பிளந்த காதிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சூசை நின்றுகொண்டிருந்தான். அவனோடு ஒரே வள்ளத்தில் பத்து வருஷம் போன ஆட்கள் அவனைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், பிறகு மணலைப் பார்த்தார்கள். பேண்டு வைத்துப் புதைத்தவனைத் தோண்டி எடுக்கிற சங்கடத்துக்கு ஊர் தயாராக இல்லை.

அவன் மட்டும் கித்தேரியைப் பார்த்து ஒரு எட்டு எடுத்து வைத்தான். வாயைத் திறந்தான். என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது, மன்னிப்பு கேட்பான், அல்லது சொல்லிவிடாதே என்று கெஞ்சுவான், இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிற ஆள்தான். ஒரு வார்த்தை போதும். குழந்தையை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு நிற்கிற பூங்கொடியிடம், இது யார் தெரியுமா என்று ஒரு வார்த்தை. அவள் வாய்வரைக்கும் வந்தது. குழந்தை நடுங்கிக்கொண்டே கித்தேரியின் முந்தானையை விடாமல் பிடித்திருந்தது. கித்தேரி அந்தக் கையை மெல்ல விடுவித்து, சேலையை உதறிச் சொருகினாள்.

"அண்ணாச்சி," என்றாள் அவனிடம், ஊருக்கு வருகிற எந்த வெளியூர்க்காரனையும் கூப்பிடுகிற மாதிரி. "ஒங்களைக் காப்பாத்துன புண்ணியவானுக்கு ஒரு மெழுகுதிரி ஏத்திட்டுப் போங்க. கல்லறை இந்தா, பக்கத்துலதான்."

ஆமாங்க, அது செய்யோணுமுங்க என்று பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊரே பின்னால் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் அந்தப் புதுச் சிலுவைக்கு முன்னால் சூசை நின்றபோது, அவன் வாசித்ததை அவள் பார்த்தாள். கித்தேரி கையால் மெழுகுதிரியைக் கொடுத்தாள், முட்டிபோடணும் அண்ணாச்சி, எங்க வழக்கம் என்றாள். முட்டிபோட்டான். காற்று அணைத்தது, திரும்ப ஏற்றினான். மறுபடி அணைத்தது, மறுபடி ஏற்றினான். அவள் உதவிக்குக் குனியவில்லை, நகரவும் இல்லை, திரி பிடித்து எரிகிற வரை தலைமாட்டில் நின்றாள்.

"யாருப்பா இவரு?" என்று குழந்தை கேட்டது.

"தெரியாது கண்ணு," என்றான் சூசை.

"நீங்க ஒண்ணு செய்யணும்," என்றாள் கித்தேரி. "வருசா வருசம் நவம்பர் ரெண்டாந்தேதி வந்து ஏத்தணும். இவருக்குன்னு ஆரும் கெடையாது. ஒன்பது வருசம் நான் பாத்துக்கிட்டேன், எனக்குப் போதும்."

கண்டிப்பா வர்றோமுங்க, நான் கூட்டிட்டு வர்றேனுங்க என்று அவனுக்கு முந்திக்கொண்டு பூங்கொடி சத்தியம் செய்தாள். கித்தேரி தலையாட்டிவிட்டுக் கல்லறைத் தோட்டத்தின் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். திங்கட்கிழமை. வள்ளங்கள் கிளம்ப வேண்டிய நேரம். வெயில் ஏறுவதற்குள் நெத்திலியைக் காயப் போட வேண்டும்.